29 வாரக் கர்ப்பத்தில் ஸ்க்ரப் டைபஸ்: நாடாத் தடத்தில் இருந்த கருப்புப் பொருக்கு
நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவாரூர் மாவட்டத்தில் கோரையாற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு கிராமம். பெண்ணுக்கு 27 வயது, இரண்டாவது கர்ப்பம், 29 வாரம் நடந்துகொண்டிருந்தது. முதல் குழந்தை சுகப்பிரசவம், இப்போது 4 வயது. பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவெண்) பதிவு, தடுப்பூசி, 20 வார ஸ்கேன் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தன. சர்க்கரையும் பிரஷரும் இல்லை. ஹீமோகுளோபின் 9.8 என்பது ஒன்றுதான் குறை. இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிட்டிருந்தார்.

கணவனும் மனைவியும் விவசாயக் கூலிகள். ஆறாம் மாதம் முடியும்வரை களை எடுக்கப் போனவர், பிறகு வயலில் குனிய முடியாமல் வாய்க்கால் கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்து வந்தார். களை எடுப்பு நடக்கும் நாட்களில் கூட்டாளிப் பெண்களுக்குச் சோறு கொண்டுபோய், வரப்பில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டு வருவதும் உண்டு. இந்தத் தகவலை யாரும் முதலில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோய் ஐந்தாம் நாளிலேயே பிடிபட்டிருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

டெல்டாவில் சம்பா நடவு முடிந்து களை எடுக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் என்றாலே வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் முதலில் நினைப்பது டெங்கு. அடுத்து எலிக்காய்ச்சல், டைபாய்டு. இதே மாதங்களில்தான் ஸ்க்ரப் டைபஸும் கூடுகிறது. தை, மாசி வரை அது நீளும்.

இந்த நோயைத் தருவது ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி என்னும் கிருமி. அதைச் சுமப்பது ஒருவகை மைட் பூச்சியின் புழுப்பருவம். அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். மாட்டிலும் நாயிலும் ஒட்டும் உண்ணி வேறு. எலிகள் நடமாடும் புல்லிலும் புதரிலும் இந்தப் புழு காத்திருக்கும். தண்ணீர் நிற்கும் சேற்று வயலில் அதற்கு வாழ வழியில்லை. வரப்பு, வாய்க்கால் கரை, கருவேலம்புதர் ஓரம், கோரை மண்டிய மேடு ஆகியவைதான் அதன் இடம். எலி வளை நிறைந்த வரப்பில், தஞ்சாவூர் கிட்டி வைத்து எலி பிடிக்கும் அதே வரப்பில்தான் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சேற்றில் இறங்காத இந்தக் கர்ப்பிணிக்கு நோய் வந்த வழி இதுதான்.

காய்ச்சலின் முதல் நாள் முதல் ஏழாம் நாள் வரை

கார்த்திகை முதல் வாரத்தில் குளிரோடு காய்ச்சல் வந்தது. தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முழுக்க வலி. முதல் இரண்டு நாள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய செட் மாத்திரைதான் மருந்து. அதில் பாராசிட்டமாலும் சளி மாத்திரையும் இருந்தன. மூன்றாவதாக இருந்த வெள்ளை மாத்திரையின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை போட்டதும் வலி சட்டென்று விட்டது, வயிறு எரிந்தது என்று சொன்னதை வைத்து, அது டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்தாக இருக்கலாம் என்று குழு கருதியது. 20 வாரத்துக்கு மேல் இந்த மருந்துகள் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். ஏழாம் மாதத்துக்குப் பிறகு சிசுவின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடவும் காரணமாகலாம். பிளேட்லெட் குறையும் காய்ச்சலில் தாய்க்கு ரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். காய்ச்சல் 102 டிகிரி, நாடி 112, ரத்த அழுத்தம் 100/60. டெங்கு என்எஸ்1 பரிசோதனை நெகட்டிவ். பிளேட்லெட் 1.4 லட்சம். சிறுநீரில் சீழ் அணுக்கள் 6 முதல் 8. கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று சாதாரணமாக வருவது, அதை விட்டால் சிறுநீரகம்வரை ஏறி குறைமாதப் பிரசவம் ஆகலாம். ஆகவே செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் 200 மி.கி. இரண்டு வேளை கொடுத்து, இரண்டு நாளில் வரச் சொன்னார்கள். அந்த நிலையில் அது நியாயமான முடிவுதான். ஆனால் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இல்லை, இடுப்புப் பக்கம் வலி இல்லை, சிறுநீர் கல்ச்சரும் அனுப்பப்படவில்லை. காய்ச்சலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதால் தேடல் அங்கேயே நின்றது.

ஐந்தாம் நாள் வாந்தி தொடங்கியது. பிளேட்லெட் ஏறும் என்று வீட்டில் கொடுத்த பப்பாளி இலைச் சாறும் வாந்தியாகவே வெளியே வந்தது. வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டது. பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனையில் பிளேட்லெட் 88,000, டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனையான வைடல் 1:160. டைபாய்டு என்று சொல்லி செஃப்ட்ரியாக்சோன் ஊசி, வாந்திக்கு ஒண்டான்செட்ரான், இரண்டு நாளில் சுமார் 3 லிட்டர் டிரிப் ஏற்றினார்கள்.

வைடல் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டைபாய்டு எப்போதும் இருக்கும் ஊர்களில், முன்பு வந்த தொற்றாலோ வேறு காய்ச்சலாலோ வைடல் உயர்ந்து காட்டும். ஒரே ஒரு தடவை எடுத்த வைடலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டக் கூடாது. ரத்தக் கல்ச்சர்தான் சான்று, அதையும் முதல் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு வைடல் செய்த தீங்கு பெரியது. டைபாய்டில் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள் ஆகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்ஸிம் வகை மருந்து எதுவும் ஸ்க்ரப் டைபஸ் கிருமியைத் தொடாது. அது ரத்தக்குழாய்ச் சுவரின் செல்லுக்குள் குடியிருக்கும் கிருமி.

ஏழாம் நாள் மாலை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். ஆக்சிஜன் அளவு 91 இருந்தது. 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

சேர்க்கையின்போது கண்டவை

காய்ச்சல் 103.3 டிகிரி. நாடி 128. ரத்த அழுத்தம் 94/56. மூச்சு நிமிடத்துக்கு 32. காற்றில் ஆக்சிஜன் 90. எடை 52 கிலோ. இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் கரகரப்பு. சிசுவின் இதயத்துடிப்பு 176. கருப்பையில் வலி இல்லை, தண்ணீரோ ரத்தமோ போகவில்லை.

ரத்தத்தில் வெள்ளணு 13,800, பிளேட்லெட் 62,000, கல்லீரல் என்சைம்களான ஏஎஸ்டி 212, ஏஎல்டி 148, பிலிருபின் 1.6, அல்புமின் 2.4, கிரியாட்டினின் 1.1, பொட்டாசியம் 3.1, லாக்டேட் 2.6. கிரியாட்டினின் 1.1 என்பது வெளி நோயாளிச் சீட்டில் இயல்பானதாகத் தோன்றும். கர்ப்பத்தில் அது 0.8-க்குள் இருக்க வேண்டும், ஆகவே இது சிறுநீரகம் தளரத் தொடங்கிவிட்டதன் அடையாளம். வயிற்றை மறைத்து எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் படலம்.

சிறுநீர்க் குழாய் போடத் திரை இழுத்துவிட்டு, பணியில் இருந்த செவிலியர் உடையைத் தளர்த்தினார். கர்ப்பிணிகள் பாவாடை நாடாவை வயிற்றுக்கு மேல் கட்ட முடியாது, மேடான வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். இடப்பக்கம், நாடா பதிந்த அந்தத் தடத்திலேயே மஞ்சள் பூசிய ஒரு புண் இருந்தது.

"அது நாடா உரசுன புண்ணு சிஸ்டர். பத்து நாளா இருக்கு. வலியில்லங்குது, அதான் மஞ்சப் பத்து போட்டு விட்டுட்டோம்" என்றார் மாமியார்.

ஈரப் பஞ்சால் மஞ்சளைத் துடைத்ததும் தெரிந்தது: சுமார் 8 மில்லிமீட்டர் அகலத்தில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு விளிம்பு, சிகரெட்டால் சுட்டது போல. சீழ் இல்லை, அழுத்தினால் வலி இல்லை. அதே பக்கத்துத் தொடை இடுக்கில் இரண்டு நெறி கட்டியிருந்தது. இதுதான் எஸ்கார், புழு கடித்த இடம்.

உடை இறுக்கும் இடத்துக்கு வந்ததும் புழு மேலே ஏற வழியில்லாமல் அங்கேயே கடிக்கும். அதனால்தான் நாடாத் தடம், மார்புக்குக் கீழ் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், பிட்டம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் எஸ்காரைத் தேட வேண்டியிருக்கிறது. 29 வாரக் கர்ப்பிணி தன் வயிற்றுக்குக் கீழ் இருப்பதைத் தானாகப் பார்க்கவே முடியாது. வலியும் இல்லாததால் அவர் அதைச் சொல்லவும் மாட்டார்.

வேறு எவை எண்ணப்பட்டன, ஏன் ஒதுக்கப்பட்டன

பிளேட்லெட் குறைவு, கல்லீரல் என்சைம் உயர்வு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் என்ற மூன்றும் சேர்ந்தால் மகப்பேறு மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வருவது, கர்ப்பத்தால் கல்லீரலும் ரத்த அணுக்களும் பாதிக்கப்படும் ஹெல்ப் சிண்ட்ரோம். அதுதான் என்று முடிவானால் சிகிச்சை, குழந்தையை வெளியே எடுப்பது. இங்கே ரத்த அழுத்தம் குறைவு, சிறுநீரில் புரதம் பெயரளவுக்கு மட்டும், ரத்தப் பூச்சில் உடைந்த சிவப்பணுக்கள் இல்லை, 103 டிகிரி காய்ச்சல் ஹெல்ப் சிண்ட்ரோமுக்குச் சேராது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்காமல் சிசேரியனுக்குப் போயிருந்தால், ஆக்சிஜன் 90-ல் இருக்கும் தாய்க்கு மயக்க மருந்தும் 29 வாரக் குழந்தையும் ஒரே இரவில் வந்திருக்கும். நோயோ அப்படியே இருந்திருக்கும்.

டெங்குவாக இருந்தால் இந்தக் கட்டத்தில் வெள்ளணு பெரும்பாலும் குறைந்திருக்கும், ரத்தக் கெட்டித்தன்மை ஏறியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. எலிக்காய்ச்சலை முழுதாக ஒதுக்க முடியவில்லை. டெல்டாவில் அது எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டிய நோய். ஆனால் கண் சிவப்பும் கெண்டைக்கால் வலியும் இல்லை, ஏற்கெனவே ஏறிய செஃப்ட்ரியாக்சோன் அதற்கும் பாதுகாப்பு. அதனால் அதற்கான ஐஜிஎம் எதிர்ப்புப்பொருள் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பிவிட்டு அந்த ஊசியைத் தொடர்ந்தார்கள். இரு பக்க நுரையீரல் பாதிப்புள்ள கர்ப்பிணிக்கு இன்ஃப்ளுயன்சாவை ஒதுக்கும்வரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதால் ஓசல்டாமிவிர் 75 மி.கி. இரண்டு வேளை தொடங்கப்பட்டது. மலேரியா ரத்தப் பூச்சு நெகட்டிவ்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*மருந்து.* எஸ்கார் தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் அசித்ரோமைசின் தொடங்கியது. ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலைசாவுக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டது, ஆனால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. காய்ச்சலின் முதல் ஐந்தாறு நாளில் ஐஜிஎம் நெகட்டிவாகவே இருக்கலாம். ஆகவே நெகட்டிவ் என்று வந்தாலும் இந்த நோய் இல்லை என்று பொருளாகாது.

500 மி.கி. அசித்ரோமைசினை 250 மி.லி. சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றினார்கள். இதை நேரடியாக நரம்பில் ஊசியாகப் போடக் கூடாது. அதற்கு முன் ஈசிஜி எடுத்து, இதயத் துடிப்புக் கோளாறு வரும் அபாயத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி பார்க்கப்பட்டது, 430 மில்லி விநாடி இருந்தது. அசித்ரோமைசின், ஒண்டான்செட்ரான், பொட்டாசியம் குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. வாந்தியோடு வரும் கர்ப்பிணிக்கு இம்மூன்றும் ஒன்றாக அமைவது மிக எளிது. ஒண்டான்செட்ரானை நிறுத்தி மெட்டோகுளோபிரமைட் 10 மி.கி. கொடுத்தார்கள். பொட்டாசியம் 20 மில்லி ஈக்விவலன்ட், இரண்டு மணி நேரத்தில் டிரிப்பாக ஏறியது.

டாக்சிசைக்ளின் பற்றித் தனியாக விவாதம் நடந்தது. கர்ப்பம் இல்லாதவர்களுக்கு அதுதான் வழக்கமான மருந்து. கடுமையான ஸ்க்ரப் டைபஸில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழி கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று இந்தியாவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் சிசுவின் பல்லிலும் எலும்பிலும் படியும் என்பதால் கர்ப்பத்தில் தவிர்க்கப்படுகின்றன. அசித்ரோமைசினை மட்டும் கொடுப்பது, 24 மணி நேரத்தில் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டாலோ அதிர்ச்சி நிலைக்குப் போனாலோ, குடும்பத்திடம் பேசிவிட்டு டாக்சிசைக்ளினைச் சேர்ப்பது என்று எழுதிவைத்தார்கள். அந்தத் தேவை வரவில்லை. முன்கூட்டியே எழுதிவைத்தது நல்ல வழக்கம். நடுராத்திரியில் நிலைமை மோசமானால், பணியில் இருக்கும் இளம் மருத்துவர் தனியாக முடிவு செய்து தவிக்க வேண்டியதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் பட்டியலிலேயே இல்லை. இந்தக் கிருமியிடம் அதை நம்ப முடியாது, கர்ப்பத்துக்கும் ஏற்றதல்ல.

*ஆக்சிஜன்.* கர்ப்பத்தில் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலின் இருப்புக் காற்று குறைந்திருக்கும், உடம்பின் ஆக்சிஜன் தேவையோ கூடியிருக்கும். மற்றவர்கள் 92-ல் தாக்குப் பிடிப்பார்கள், கர்ப்பிணிக்கு 95-க்குக் குறையாமல் வைத்தால்தான் சிசுவுக்குப் போதிய அளவு போய்ச் சேரும். பை பொருத்திய முகமூடியில் 10 லிட்டர் கொடுத்ததில் 96 வந்தது. தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி பிரஷர் மேலும் இறங்கும்.

*திரவம்.* பிரஷர் குறைவென்றால் கை டிரிப்புக்குத்தான் போகும். இவருக்கு ஏற்கெனவே 3 லிட்டர் ஏறியிருந்தது, அல்புமின் 2.4, ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்துகொண்டிருந்தது. கூடுதலாக ஏற்றுவதெல்லாம் நுரையீரலில்தான் தேங்கும். 500 மி.லி. மட்டும் அரை மணி நேரத்தில் கொடுத்து நிறுத்தினார்கள். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழ் போனால் பிரஷரை ஏற்றும் நார் அட்ரினலின் என்று முடிவு. அது 70-ஐ ஒட்டியே நின்றது. சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் வந்தது. ரத்தக்கசிவு இல்லாததால் பிளேட்லெட் ஏற்றவில்லை.

*சிசு.* 176 துடிப்பைப் பார்த்ததும் உடனே எடுத்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. தாயின் காய்ச்சலும் ஆக்சிஜன் குறைவும்தான் சிசுவின் துடிப்பை ஏற்றியிருக்கின்றன, தாயைச் சரிசெய்தால் அதுவும் இறங்கும் என்று மூத்த மகப்பேறு மருத்துவர் முடிவெடுத்தார். பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஈரத்துணி ஒற்றடம். ஆறு மணி நேரத்தில் தாயின் காய்ச்சல் 100.8, சிசுவின் துடிப்பு 158.

மருத்துவமனையில் இரண்டாம் நாள்: சூல் வலி

மறுநாள் பிற்பகலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருப்பை இறுகத் தொடங்கியது. கருப்பை வாய் 1 செ.மீ. திறந்திருந்தது. வலியை நிறுத்த வழக்கமாகக் கொடுக்கும் நிஃபெடிபினை இங்கே கொடுக்கவில்லை. பிரஷர் 100/60-ல்தான் இருந்தது, நுரையீரலும் தெளியவில்லை. தொற்றால் வரும் சூல் வலிக்குத் தொற்றைக் குறைப்பதே முதல் மருந்து.

சிசுவின் நுரையீரலை முதிரச் செய்யும் டெக்சாமெத்தசோன் பற்றி முதல் இரவிலேயே பேசி, வேண்டாம் என்று ஒத்திவைத்திருந்தார்கள். கட்டுக்குள் வராத தொற்றின் நடுவே ஸ்டீராய்டு கொடுக்கத் தயக்கம், அப்போது பிரசவ அறிகுறியும் இல்லை. இப்போது நிலைமை மாறியிருந்தது. மருந்து ஏறி ஒரு நாள் ஆகிவிட்டது, லாக்டேட் 1.6, கருப்பைக்குள் தொற்று என்பதற்கு அறிகுறி இல்லை, பிரசவமோ அருகில். 6 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு ஊசி தொடங்கப்பட்டது. சர்க்கரை ஏறும் என்பதால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். வாய் மேலும் திறந்தால் சிசுவின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்ஃபேட் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார்கள், பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் தகவல் போனது. அன்று நள்ளிரவுக்குப் பிறகு காய்ச்சல் 99-க்கு இறங்கியது. விடிவதற்குள் வலியும் தணிந்தது. மெக்னீசியம் தேவைப்படவில்லை.

தொடர்ந்தவை

மூன்றாம் நாள் ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தது. எலிக்காய்ச்சல் ஐஜிஎம் நெகட்டிவ், இன்ஃப்ளுயன்சாவும் இல்லை. ஓசல்டாமிவிரையும் செஃப்ட்ரியாக்சோனையும் நிறுத்தினார்கள். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. முன்பே ஆன்டிபயாடிக் ஏறியிருந்ததால் அதை வைத்து டைபாய்டு பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

சரியான மருந்து போனால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் இறங்கும். இங்கும் அப்படியே ஆனது. இறங்காவிட்டால் நோயைக் கண்டறிந்ததையே மறுபடி சந்தேகிக்க வேண்டும். அசித்ரோமைசின் மூன்று நாள் நரம்பு வழியும் பிறகு மாத்திரையுமாக 7 நாள் கொடுக்கப்பட்டது. சிக்கலில்லாத கர்ப்பிணிக்கு 5 நாள் போதும், நுரையீரல் பாதித்திருந்ததால் நீட்டினார்கள். ஐந்தாம் நாள் ஆக்சிஜன் எடுக்கப்பட்டது. எட்டாம் நாள் பிளேட்லெட் 1.9 லட்சம், கிரியாட்டினின் 0.6. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழந்தைக்கு ஆபத்து அதோடு முடியவில்லை. இந்தக் கிருமி ரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்குவது, நஞ்சுக்கொடி முழுக்க ரத்தக்குழாயால் ஆனது. காய்ச்சல் போய் வாரங்கள் கழித்தும் சிசுவின் வளர்ச்சி தேங்கலாம். 33 வார ஸ்கேனில் சிசுவின் எடை அந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய அளவில் பத்தாம் சதமானத்துக்குக் கீழே இருந்தது. பனிக்குட நீர் போதுமானது, சிசுவுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் இயல்பு. வாரம் ஒரு டாப்ளர், இரண்டு வாரத்துக்கு ஒரு வளர்ச்சி ஸ்கேன், தினமும் சாப்பிட்டதும் இடப்பக்கம் படுத்து அசைவை எண்ணுவது என்று தொடர்ந்தார்கள். 37 வாரம் முடிந்த சில நாளில் தானாக வலி வந்து சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.2 கிலோ. பிறந்ததும் அழுதது. எடை குறைந்த குழந்தை என்பதால் ரத்தச் சர்க்கரை பார்க்க இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தில் ஐஜிஎம் நெகட்டிவ். தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும், ஆகவே குழந்தைக்கு ஐஜிஜி இருந்தால் அதற்குப் பொருளில்லை. ஐஜிஎம் போகாது, அது இருந்தால்தான் குழந்தைக்கே தொற்று. குழந்தையின் பிளேட்லெட்டும் கல்லீரல் அளவும் சரியாக இருந்தன. ஆறாவது வாரத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்து 3.4 கிலோ.

ஊரில் தேடியபோது

தகவல் போனதும் கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் அதே களை எடுப்புக் கூட்டத்துப் பெண்களை வீடு வீடாகப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், முழங்காலுக்குப் பின்னால் எஸ்கார். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து நெகட்டிவ் என்று உறுதியான பிறகே டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை 7 நாள் கொடுத்தார்கள். மாதவிலக்கு எப்போது என்று கேட்டதோடு விடாமல் பரிசோதனையே செய்தது சரியான வழி.

மாற வேண்டியவை

மழைக்காலத்தில் கர்ப்பிணிக்கு மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் இருந்தால், டெங்கு நெகட்டிவ் என்று வந்ததோடு தேடல் நிற்கக் கூடாது. திரை, டார்ச், பெண் செவிலியர், இரண்டு நிமிடம் இவ்வளவுதான் எஸ்கார் தேடத் தேவை. "புண் இருக்கா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். நாடாவைத் தளர்த்தி, வயிற்றைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசியிருந்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். கூட்டமான வெளி நோயாளி அறையில் இதைச் செய்ய முடியாது என்பது உண்மை. கர்ப்பிணி கிளினிக்கில் மறைவான ஒரு மூலையை ஒதுக்காதவரை இந்தச் சோதனை காகிதத்தில்தான் இருக்கும்.

எஸ்கார் எல்லோருக்கும் இருப்பதில்லை. அது இல்லாவிட்டாலும், வரப்பிலோ புதர் ஓரத்திலோ புழங்கிய கர்ப்பிணிக்கு ஐந்து நாளைத் தாண்டிய, காரணம் தெரியாத காய்ச்சல் இருந்து பிளேட்லெட்டும் குறைந்தால், மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரையின் முதல் வேளையைக் கொடுத்து அனுப்பலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மாத்திரைதான் அது. கொடுத்த நேரத்தையும் ஏற்கெனவே போன மருந்துகளையும், ஒண்டான்செட்ரான் உட்பட, பரிந்துரைச் சீட்டில் எழுத வேண்டும். இந்தப் பெண்ணின் சீட்டில் "காய்ச்சல், டைபாய்டு, மேல் சிகிச்சைக்கு" என்று மட்டுமே இருந்தது. 3 லிட்டர் டிரிப் ஏறியதை உறவினர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 95-க்குக் கீழ், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ், மாத்திரை தங்காத வாந்தி, குழந்தையின் அசைவு குறைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அனுப்ப வேண்டும். இவருக்கு ஐந்தாம் நாளே இவற்றில் இரண்டு இருந்தன.

கூலி வேலைக்குப் போகும் பெண்ணிடம் வரப்பில் உட்காராதே என்று சொல்லிப் பயனில்லை. சாக்கையோ தார்ப்பாயையோ விரித்து உட்காரச் சொல்லலாம். கழற்றிய துணியைப் புல்மேல் போடாமலிருக்கவும், வீடு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்திய பாவாடையோடு அனைத்தையும் மாற்றவும் சொல்லலாம். கர்ப்பிணியாக இருந்தால், வாரம் ஒருமுறை வீட்டுப் பெண்கள் யாராவது அவரது இடுப்பையும் அடிவயிற்றையும் பார்க்கட்டும்.

இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு, ஒருமுறை வந்ததால் கிடைக்கும் எதிர்ப்பு நிலைப்பதில்லை. அடுத்த ஐப்பசியிலும் இவர் அதே வரப்புக்குத்தான் போகப் போகிறார். பிரசவத்துக்குப் பிந்தைய வருகையில் கணவரையும் மாமியாரையும் உட்கார வைத்து இதைச் சொன்னார்கள். எஸ்காரின் தழும்பைக் காட்டி, அதுபோல் மறுபடி வந்தால் மஞ்சள் பூசாமல் அன்றே வரும்படியும், காய்ச்சல் சீட்டில் "முன்பு ஸ்க்ரப் டைபஸ்" என்று எழுதச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்கள்.